இருபத்திரெண்டு நாள் பாக்கி

அப்படி இல்ல தம்பி. சம்பளம் கூடுனா வரி கூடும், குறைஞ்சா வரி குறையும்னு நினைக்கியல்லா, அதுதான் தப்பு. உங்க விஷயத்துல என்னன்னு ஆடிட்டர் சொல்லுவாரு. வீட்டுக்கடன் வட்டி முடிஞ்சிருக்கும். இல்லன்னா அப்பா அம்மாவுக்குக் கட்டுன இன்சூரன்ஸ விட்டிருப்பிய. ஏதோ ஒண்ணு மாறியிருக்கும். போன வருஷம் மாதிரியேதான் இந்த வருஷமும் இருக்கோம்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம். கவர்மெண்டுக்கு நாம வருஷா வருஷம் வேற ஆளு.

உக்காருங்க. உள்ள ஒரு உப்புக் கம்பெனிக்காரரு இருக்காரு, லேசுல வெளிய வர மாட்டாரு. இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க.

எங்க குடும்பத்துல நடந்ததைச் சொல்லுதேன், கேளுங்க. ஒரே ஆளு, ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். ஒரு வருஷம் வரி பைசா கிடையாது. அடுத்த வருஷம் நாலரை லட்சம். அதுக்கும் அடுத்த வருஷம் மறுபடியும் பைசா கிடையாது. எப்படின்னு சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது. எனக்கே இந்த ஆடிட்டர் மூணு தடவை சொன்ன பிறகுதான் விளங்கிச்சு.

என் தம்பி ரெமி. ரெமிஜியுஸ்னு ஞானஸ்நானப் பேரு. கப்பல்ல தேர்ட் இன்ஜினியர். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அப்பா சாகும்போது அவன் அஞ்சாம் கிளாஸ். நான் அப்பதான் மில்லுல டைம் ஆபீஸ்ல சேந்திருந்தேன். டைம் ஆபீஸ்னா தெரியுமா? யாரு எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், எத்தனை நாள் லீவுன்னு குறிச்சு வைக்கிற இடம். முப்பத்தொரு வருஷம் அதே நாற்காலி. அந்தச் சம்பளத்துலதான் அவனை மெரைன் படிக்க வச்சேன். எங்க வீட்டுக்காரி சங்கிலிய வித்துத்தான் முதல் வருஷ ஃபீஸ். இதை நான் அவன்கிட்ட ஒரு நாளும் சொல்லிக் காட்டுனது கிடையாது. அவனுக்கே தெரியும். அதனாலதான் நான் ஒண்ணு சொன்னா எதிர்த்துப் பேச மாட்டான். கப்பல்ல இன்ஜினியர் ஆன பிறகும், கல்யாணம் ஆன பிறகும், எதுன்னாலும் அண்ணே, அண்ணேன்னுதான் வருவான்.

கப்பல்காரங்களுக்கு வரி எப்படின்னா, வருஷத்துல நூத்தி எண்பத்திரெண்டு நாள் நீங்க நம்ம நாட்டுல இருந்துட்டா நீங்க உள்ளூர்க்காரர். உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் இங்க வரி கட்டணும். அதுக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் நீங்க வெளிநாட்டுக்காரர். கடல்ல சம்பாதிச்சதுக்கு இங்க வரி கிடையாது. அவ்வளவுதான் சங்கதி. ஏப்ரல் ஒண்ணாந்தேதியில இருந்து மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணணும். ரெமிக்கு எப்பவும் ஆறேழு மாசம் கடல்லயே போயிரும். அதனால எண்ணுற வேலையே இல்லாம இருந்துது.

அப்புறம் ஒரு வருஷம் ஜூலையில இறங்குனவன் பரீட்சைக்குப் படிக்கேன்னு சென்னையில தங்குனான். அடுத்த பதவிக்கு உள்ள பரீட்சை. பாஸும் ஆயிட்டான். டிசம்பர் கடைசில கப்பல் ஏறணும், டிக்கெட் எல்லாம் கம்பெனி அனுப்பிட்டு. அந்த நேரம் பாத்து பிள்ளைக்குக் காய்ச்சல். ரோஷினி, அவன் மக, அப்ப நாலு வயசு. டெங்குன்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. பெத்தவ இருக்கா, நாங்க இருக்கோம், இவன் நின்னு என்ன செய்யப் போறான்? நான் சொன்னேன், "நீ கிளம்புலே, நாங்க பாத்துக்கிடுதோம்." மெல்பா, அதான் அவன் பொண்டாட்டி, பிள்ளை பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு இருந்தா. இவன் கம்பெனிக்குப் போன் போட்டு ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டான். வாழ்க்கையில என் பேச்சை அவன் கேக்காதது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளை பிழைச்சுட்டா. சந்தோஷம். ஆனா அந்த ரெண்டு வாரத்துல என்ன ஆச்சு? கணக்குல பத்து நாள் தாண்டிட்டு. ஜூலையில இந்த ஆடிட்டர்கிட்ட வந்தா, இவரு பாஸ்போர்ட்டப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, "இந்த வருஷம் உங்க தம்பி உள்ளூர்க்காரர் சார்"ங்காரு. நாலரை லட்சம். நீங்க வரி கொஞ்சம் கூடுனதுக்கே இப்படி முகத்தத் தொங்கப் போட்டிருக்கிய. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மில்லுல என் கடைசி மூணு வருஷ சம்பளத்தைக் கூட்டுனாலும் அவ்வளவு வராது.

அந்த ரூபா எதுக்கு வச்சிருந்துதுன்னா, வீட்டுக்கு மாடி எடுத்துக்கிட்டு இருந்தோம். தூணு எழும்பி நின்னுது. வரி கட்டவும் வேலை அப்படியே நின்னுட்டு. கம்பி துருப்பிடிச்சுக்கிட்டு வானத்தப் பாத்து நின்னுது ஒரு வருஷம். போறவன் வாறவன் எல்லாம் கேப்பான், "என்ன அண்ணாச்சி, மாடி அப்படியே நிக்கி?" வீடு என் பேர்லதான் இருக்கு. அதனால என்ன, குடும்பத்துக்குத்தானே. அவனும் வந்தா அங்கதானே தங்குதான்.

ரெமிகிட்ட போன்ல சொன்னேன். "பத்து நாளு. பத்து நாளுக்கு நாலரை லட்சம். ஒரு நாளுக்கு நாப்பத்தஞ்சாயிரம் ரூவா ஆஸ்பத்திரியில உக்காந்திருந்ததுக்குக் கட்டியிருக்க." அவன் சிரிச்சான். "போகுதுண்ணே, பிள்ளை இருக்கால்லா"ன்னான். அவனுக்கு ரூபாயோட அருமை தெரியாது. கஷ்டம் தெரியாம வளத்துட்டேன்.

அதுக்கு அடுத்த வருஷம் நான் உஷாராயிட்டேன். அவன் எப்ப இறங்குதான், எப்ப ஏறுதான், எல்லாம் என் விரல்ல இருக்கும். நவம்பர்ல ஏறுனான். ஏறும்போதே சொல்லிட்டேன், ஜனவரி கடைசி வரைக்கும் எக்காரணத்தைக் கொண்டும் இறங்கக் கூடாதுன்னு. ஆறு மாசக் கான்ட்ராக்ட்தானே, எதுக்கு இறங்கப் போறேன்னான்.

அந்தக் கப்பல்ல பத்ரான்னு ஒருத்தர், ஒரிசாக்காரர். இன்ஜின் ரூம்ல எண்ணெய் போடுற வேலை. வயசானவரு, ரெமிக்கு அப்பா மாதிரின்னு மெல்பா சொல்லுவா. கிறிஸ்துமஸ் முடிஞ்ச உடனே கீழ ஒரு நீராவிக் குழாய் வெடிச்சுட்டு. பத்ரா மேல அடிச்சுட்டு. ரெமிதான் தூக்கிக்கிட்டு வந்திருக்கான். கரைக்குக் கொண்டு போக ரெண்டு நாளு. ரெண்டு நாளும் இவன்தான் பக்கத்துல. கரை வரதுக்கு முன்னால அவரு போயிட்டாரு. பாவம். அந்த வேலைக்கு அவரை அனுப்புனதே ரெமிதானாம். ஆனா அது அவன் வேலை தம்பி. யாரையாவது அனுப்பத்தானே வேணும்? மில்லுல நான் பாக்காத விபத்தா? கை போகும், விரல் போகும். மறுநாள் ஷிப்ட்டுக்கு அடுத்தவன் வந்து நிப்பான்.

ஜனவரி ஆறாந்தேதி. மூணு ராஜாக்கள் திருநாள், கோயிலுக்குப் போயிட்டு வந்து உக்காந்திருக்கேன். மெல்பா முகம் எல்லாம் மலந்து ஓடி வாரா. "அத்தான், அவங்க வாராங்க. கொழும்புல இறங்குதாங்களாம். கேப்டன் சரின்னுட்டாராம்."

உடனே மனசுல எண்ணுனேன். இன்னும் இருபத்திரெண்டு நாள் பாக்கி. இப்ப வந்து மார்ச் வரைக்கும் வீட்டுல இருந்தா நூத்தி எண்பத்திரெண்டத் தாண்டி எங்கயோ போயிரும். திரும்பவும் நாலு லட்சம். "போனைக் குடு"ன்னேன்.

"அண்ணே"ங்கான். பின்னால இன்ஜின் சத்தம் கேக்கு.

"என்னலே, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணே. தூக்கம் வரல."

"தூக்கம் வரலன்னா மாத்திரை வாங்கிப் போடு. அதுக்கா இறங்குவாங்க?"

"மாத்திரை போட்டாச்சு. கீழ இறங்க முடியல. கையக் கழுவிக்கிட்டே இருக்கேன். போக மாட்டேங்குதுண்ணே."

"என்ன போக மாட்டேங்குது?"

இன்ஜின் சத்தம்தான் கேட்டுது. அப்புறம் நிதானமாத்தான் சொன்னேன். சத்தம் போடல. மெல்பா பக்கத்துல நின்னா, அவளே சாட்சி. "ரெமி, இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்குடே. போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கா? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. இருபத்திரெண்டு நாள் கழிச்சு எந்தத் துறைமுகத்துல வேணும்னாலும் இறங்கு. நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

"அண்ணே, என்னால..."ன்னு ஆரம்பிச்சான்.

"நான் உனக்குக் கெடுதல் சொல்லுவேனாலே?"

"சரிண்ணே"ன்னான். அதான் ரெமி. சொன்னாப் புரிஞ்சுக்குவான்.

மெல்பாதான் விடல. "அத்தான், வரி கட்டிட்டுப் போவோம். அவங்க குரலே சரி இல்ல. கட்டிட்டுப் போவோம் அத்தான்." நாலு லட்சம்மா, நாலாயிரம் இல்லன்னு சொன்னேன். என் நகையக் குடுக்கேன்னா. அந்த நகையும் அவன் வாங்கிக் கொடுத்ததுதானே, இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு. பொம்பளைங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் விளங்காது. எங்க வீட்டுக்காரியும் அவகூடச் சேந்துக்கிட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல.

கொழும்புல கப்பல் நின்னுது. இந்தா, நமக்கு எதிர்க்கரை. அவனுக்குப் பதிலா வந்த ஆளைக்கூட கம்பெனி திருப்பி அனுப்பிட்டு. கப்பல் கிளம்பிட்டு.

தினம் ஒரு வாட்ஸ்அப் அனுப்புவேன். "இன்னும் இருபது." "இன்னும் பத்தொன்பது." அவனுக்குத் தைரியமா இருக்கட்டும்னுதான். முதல்ல சரிண்ணேன்னு பதில் போட்டான். அப்புறம் கட்டை விரலு மட்டும் வந்துது. அப்புறம் ரெண்டு நீலக் கோடு மட்டும்.

பதிமூணுன்னு அனுப்புன அன்னைக்கு நீலம் ஆகல.

மறுநாள் மத்தியானம் கம்பெனியில இருந்து போன். காலையில வேலைக்கு வரல, ரூம்ல இல்ல, கப்பல் பூரா தேடியாச்சு. கப்பலைத் திருப்பிக்கிட்டு வந்து ரெண்டு நாள் தேடுனாங்க. விமானம் எல்லாம் வந்துதாம். ஒண்ணும் கிடைக்கல.

கால் வழுக்கியிருக்கும் தம்பி. தளத்துல எண்ணெய் கிடக்கும், அலை அடிக்கும். காத்தாட வந்து நின்னிருப்பான். விசாரணையில வேற மாதிரி எழுதப் பாத்தாங்க. கம்பெனிக்காரன் காசு குடுக்காம இருக்கதுக்கு எதையும் எழுதுவான். அவன் கூட வேலை பாத்த மணப்பாட்டுக்காரர் ஒருத்தர், சமையல்காரர், அப்புறம் வீட்டுக்கு வந்திருந்தாரு. ரெமி ரூம்ல பெட்டியெல்லாம் அடுக்கி, துணியெல்லாம் மடிச்சு, பூட்டி, சாவிய மேல வச்சிருந்தானாம். பிள்ளைக்கு வாங்குன பொம்மை மேல பேரு எழுதி ஒட்டியிருந்தானாம். நான் அதைத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். பாருங்க, ஊருக்கு வரதுக்கு எவ்வளவு ஆசை இருந்தா ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே பெட்டி கட்டி வச்சிருப்பான். அப்படிப்பட்டவன் வேற எதையும் நினைப்பானா? மெல்பா மட்டும் அந்தச் சமையல்காரர் பேசி முடிக்கிற வரைக்கும் பொம்மையத் தலைகீழா மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

உடம்பு கிடைக்கல, வந்த பெட்டிய அடக்கம் பண்ண முடியாதே. கோயில்ல பூசை வச்சோம். ஊரே வந்துது.

அப்புறம் ஜூலை வந்துட்டு. செத்தவனுக்கும் கணக்குக் குடுக்கணும் தம்பி, தெரியுமா? வாரிசு கையெழுத்துப் போடணும். மெல்பாவக் கூட்டிக்கிட்டு வந்தேன். இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். ரோஷினி இந்தா, இந்தச் சுவத்துல சாஞ்சு நின்னா. உள்ள போனோம். ஆடிட்டரு முதல்ல வருத்தம் எல்லாம் சொல்லிட்டு, பாஸ்போர்ட்டு, கப்பல் பேப்பர் எல்லாம் பாத்து எண்ணுனாரு. "அந்த வருஷம் இந்தியாவுல இருந்தது நூத்திப் பத்தொன்பது நாளுதான்மா. வரி ஒண்ணும் வராது"ன்னாரு.

எனக்கு ஒரு நிம்மதி. என்ன இருந்தாலும் ஒரு சுமை இறங்குன மாதிரிதானே. அப்பதான் நான் சொன்னேன், சொல்லாம இருந்திருக்கலாம், பேச்சுவாக்குல வந்துட்டு. "ஆமா சார், இருபத்திரெண்டு நாள் பாக்கி இருக்கும்போதே கொழும்புல இறங்கப் பாத்தான். நான்தான் இழுத்துப் பிடிச்சு கப்பல்ல இருக்கச் சொன்னேன்"னு.

இந்த மனுஷன் பேனாவக் கீழ வச்சாரு. "கப்பல்லதான் இருக்கணும்னு என்ன சார்? இந்தியாவுக்குள்ள வராம இருந்தாப் போதுமே. கொழும்புலயே இறங்கி ஒரு லாட்ஜ்ல மூணு வாரம் இருந்திருந்தாலும் இதே கணக்குத்தான். அம்மாவும் பிள்ளையும்கூட அங்க போய் அவருகூட இருந்திருக்கலாம்."

எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நான் என்ன ஆடிட்டரா? போன வருஷமே சேத்துச் சொல்லிருக்கணுமா இல்லையா? ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்குதாருல்லா. நூத்தி எண்பத்திரெண்டுன்னு மட்டும் சொல்லி விட்டா கப்பல்காரன் கப்பல்ல இருக்கணும்னுதானே எவனும் நினைப்பான்? மறுநாள் தனியா வந்து கேட்டேன். "நீங்க ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்"ங்காரு. போன் பண்ணிருக்கலாமாம். திருநாள் அன்னைக்கு ஆடிட்டர் போனை எடுப்பாரா?

அன்னைக்கு மெல்பா கையெழுத்துப் போட்டா. ஆட்டோ ஏறுனோம். பிள்ளை நடுவுல. பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது கேட்டா, "அத்தான், அன்னைக்கு அவங்க வீட்டுக்கே வந்திருந்தா வரி எவ்வளவு கட்டிருப்போம்?"

சும்மா உத்தேசமாச் சொல்லிருக்கலாம். ஆனா ஏற்கெனவே கூட்டிப் பாத்தது தலையில இருந்துது. "மூணு லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரம்"னு சொன்னேன்.

"சரி"ன்னா. ஆட்டோவ நிறுத்தச் சொன்னா. பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டா. நல்ல வெயிலு. பனிமய மாதா கோயிலுக்குப் போறா போல, அழுதுட்டு வரட்டும்னு நான் வந்துட்டேன். அவ வீட்டுக்கு வரல. அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, வீரபாண்டியன்பட்டணத்துக்கு. மறுவாரம் அவ அண்ணன்காரன் வேன் எடுத்துட்டு வந்து சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டான். மாடியில அவங்களுக்குன்னு ஒரு ரூமே போட்டு வச்சிருக்கேன், டைல்ஸ் ஒட்டி. இன்னும் பூட்டித்தான் கிடக்கு. நான் ரெண்டு தடவை போயிப் பாத்தேன். வாசல்ல நிக்க வச்சுப் பேசுனாங்க. ரோஷினி என்னப் பாத்துட்டு உள்ள போயிட்டா. பெரியப்பா பெரியப்பான்னு என் முதுகுல ஏறி விளையாடுன பிள்ளை.

கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னேன்? அவ கேட்டா, நான் சொன்னேன். பொய்யாச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.

இப்ப நான் எதுக்கு வந்திருக்கேன்னா, கம்பெனி ஒரு வழியா நஷ்ட ஈடு குடுத்துட்டு. அவ பேருக்குத்தான் வந்துது, அதுதான் முறை, நான் அதுல ஒத்தப் பைசா கேக்கல. ஆனா மார்ச் மாசம் ஒரு நாள் என் போன்ல மணி அடிக்கி. பாங்க்ல இருந்து மெசேஜ். என் பென்ஷன் கணக்குல மூணு லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரம் வரவு. அனுப்புனது மெல்பா ரெமிஜியுஸ். போன் பண்ணேன், எடுக்கல. அவ அண்ணன்கிட்ட கேட்டேன். "அவ அனுப்பணும்னு சொன்னா, அனுப்புனோம்"னு வச்சுட்டான்.

நான் அதைத் தொடல தம்பி. அப்படியே கிடக்கு. எங்க வீட்டுக்காரி கோயில் உண்டியல்ல போடச் சொல்லுதா. ஆனா கணக்குல வந்துட்டுல்லா, இந்த வருஷம் காட்டியாகணும். காட்டுனா அதுக்கு வரி உண்டா? நெருங்குன சொந்தத்துல இருந்து வந்தா வரி கிடையாதுங்காங்க. தம்பி பொண்டாட்டி நெருங்குன சொந்தம்தான், புஸ்தகத்துலயே இருக்காம். ஆனா தம்பி இல்லாமப் போன பிறகும் அவ எனக்குச் சொந்தம்தானா? அதை உள்ள போயி இவருகிட்ட கேக்கணும்.